பங்குனிக் காற்றில் வேலியடைப்பு: பொக்கையான இங்கிலாந்து வேலியை மீட்கும் முறை

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு வேலியடைப்பு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. கிளுவையும் பூவரசும் முள்முருக்கையும் கதியாலாக, அதாவது நட்டால் துளிர்க்கும் உயிர்க்கம்பாக நிற்கும். அதில் கிடுகோ (பின்னிய தென்னோலை) பனை மட்டையோ வைத்துக் கட்டி, உக்கியதைக் கழற்றி, இடைவெளிக்குப் புதுக் கதியால் போட்டு, அப்படியே காலம் ஓடும். லெஸ்டர்ஷயரில் ஒரு கிராமத்து வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது வளவின் பின்பக்கம் நாற்பது மீற்றர் நீளத்துக்கு ஒரு வேலி நின்றது. வேலி என்று சொல்வது மரியாதைக்குத்தான். மேலே குடைபோல விரிந்த முள்மரங்கள், கீழே கன்றுக்குட்டி தாராளமாக நுழையும் ஓட்டைகள். தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். "அங்கையும் வேலி அடைக்கிறவையோ?" என்று கேட்டார்.

அடைக்கிறார்கள். ஆனால் ஓலையும் மட்டையும் இல்லை. நிற்கிற மரத்தையே அடியில் வெட்டி, சாய்த்துப் படுக்க வைத்து, அதையே வேலியாக்குகிறார்கள். நான் கற்றுக்கொண்டது மூன்று பங்குனிகளில், நிறையப் பிழைகளோடு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கீழே பொக்கையான வேலி செத்த வேலி அல்ல. பிடுங்கிவிட்டுப் பலகை அடிக்கச் சொல்லும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வெட்டுமுன் ஒரு நாள் நடந்து பாருங்கள்

இலை இல்லாத காலத்தில் மரங்களை அடையாளம் காண்பது முதலில் சிரமமாக இருக்கும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு சுலபமான வழி உண்டு. இலை வருமுன்னே வெள்ளைப் பூவால் மூடிக்கிடந்தால் பெரும்பாலும் அது பிளாக்தோர்ன். முதலில் இளம்பச்சை இலை விட்டு மே மாதத்தில் பூத்தால் ஹாதோர்ன். மஞ்சள் சரம் சரமாகத் தொங்கினால் ஹேசல். ஹோலி எப்போதும் பச்சை. உள்ளே வெண்சோறு போன்ற மென்தண்டுள்ளது எல்டர். அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிட்டுத் தான் மட்டும் வெறுமையாக நிற்கும். வேலிக்கு உதவாது, எடுத்துவிடலாம்.

இங்கே ஒரு சுவையான கணக்கு உண்டு. முப்பது யார் (ஏறக்குறைய 27 மீற்றர்) நீளத்தில் எத்தனை இன மரங்கள் உள்ளனவோ, வேலிக்கு ஏறக்குறைய அத்தனை நூறு வயது என்பார்கள். மக்ஸ் ஹூப்பர் என்ற சூழலியலாளர் சொன்ன விதி அது, துல்லியமில்லை. எங்கள் வேலியில் மூன்று தேறியது. இந்தப் பக்கத்து வேலிகளில் பல, 1750க்கும் 1850க்கும் இடையில் பொதுநிலங்களை நாடாளுமன்றச் சட்டங்களால் பிரித்து அடைத்தபோது நட்ட ஹாதோர்ன் வரிசைகள். காணியைப் பிரிக்க வந்த வேலிதான், நம்மூர் எல்லைக் கதியால் சண்டைகளுக்கு உறவுமுறை.

நடக்கும்போது கூடுகளையும் பாருங்கள். ரொபின், பிளாக்பேர்ட் போன்றவை மார்ச்சிலேயே கட்டத் தொடங்கும். கட்டிக்கொண்டிருக்கும் கூட்டையோ பயன்பாட்டிலுள்ள கூட்டையோ தெரிந்தே சேதப்படுத்துவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இது வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும். விவசாய நிலத்து வேலி என்றால் 2024இல் இங்கிலாந்தில் வந்த விதிகளும் உண்டு: மார்ச் 1 முதல் ஓகஸ்ட் 31 வரை வேலியைக் கத்தரிக்கக் கூடாது. சாய்த்துப் படுக்க வைப்பதற்கு ஏப்ரல் 30 வரை இடம் தந்திருக்கிறார்கள். தந்திருக்கிறார்கள் என்பதற்காக ஏப்ரல் வரை இழுக்காதீர்கள். மொட்டு விரிந்த பிறகு சாய்த்தால் இளந்தளிர் எல்லாம் உரசி உதிரும்.

நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள்

2018இல் மார்ச் பிறந்தபோது இங்கே பனிப்புயல். அடுத்த ஆண்டு 2019 பெப்ரவரி 26 அன்று இலண்டன் கியூ தோட்டத்தில் 21.2 பாகை வெயில். இரண்டுக்கும் இடையில் ஓர் ஆண்டு. அதனால் "மார்ச் முதல் வாரம் இதைச் செய்க" என்ற அட்டவணையை நான் நம்புவதில்லை. பிளாக்தோர்ன் பூக்கும் நாட்களில் திடீரென்று திரும்பி வரும் குளிருக்கு இங்கத்தையவர்கள் 'பிளாக்தோர்ன் குளிர்காலம்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

என் வழக்கம் இதுதான். குளிர் இறுகாத, காற்று குறைந்த, உலர்ந்த நாள் வந்தால் அது மரம் சாய்க்கும் நாள். உறைபனி இறுகிய காலையில் சாய்த்தால் மரம் விறைத்து நின்று முறியும். நான் முதல் நாளில் ஐந்து மரத்தை அப்படித்தான் முறித்தேன். பலத்த காற்றில் பாதி வெட்டிய மரம் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது, கையில் கத்தி வேறு. தூறல் நாள் கன்று நட நல்லது. சேறு கால் பிடிக்கும் நாளில் வேலிப்பக்கமே போகவேண்டாம். இங்கத்தைய களிமண்ணை ஈரத்தில் மிதித்தால் செங்கல்லாகிவிடும். அன்றைக்குக் கொட்டிலுக்குள் இருந்து கத்தி தீட்டலாம், கட்டைகளுக்குக் கூர் வைக்கலாம்.

கருவிகள்

அதிகம் வேண்டாம். பில்ஹுக் என்ற கத்தி ஒன்று: நம்மூர்க் கொடுவாக்கத்தியைப் பார்த்தவர்களுக்கு அது பழைய சிநேகிதன். ஒரு வில்வாள். முழங்கை வரை வரும் தடித்த தோல் கையுறை. கண்ணுக்குக் கண்ணாடி, இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. கட்டை அடிக்க ஒரு பெரிய மரச்சுத்தியல்.

பிளாக்தோர்ன் முள்ளைப் பற்றி ஒரு சொல். அது தோலுக்குள் முறிந்து நின்றால் சாதாரண முள் போல இராது. என் விரல் மூட்டில் ஒன்று ஏறியதை நாலு நாள் "சரி, தானாய்ப் போகும்" என்று விட்டேன். விரல் கத்தரிக்காய் போல வீங்கி மடக்க முடியாமல் போனபிறகுதான் வைத்தியரிடம் போனேன். நீங்கள் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், மூட்டருகே ஏறியிருந்தால் காத்திராமல் காட்டுங்கள். ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு எத்தனை ஆண்டென்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாய்ப்பது

முதலில் துப்புரவு. செத்த கொப்புகள், முட்கொடிகள், உள்ளே புதைந்த பழைய முட்கம்பி எல்லாம் வெளியே வரவேண்டும். கம்பியைக் கவனிக்காமல் வெட்டினால் கத்தியின் வாய் போய்விடும். பிறகு பக்கவாட்டில் துருத்தும் கிளைகளைக் கழித்து, நேராக மேலே போகும் தண்டுகளை மட்டும் விடுங்கள். நெருக்கமாக இருந்தால் சிலவற்றை அடியோடு எடுத்துவிடலாம். அவையும் அடியிலிருந்து துளிர்க்கும்.

எந்தப் பக்கம் சாய்ப்பது? நிலம் சரிவென்றால் மேட்டை நோக்கி. ஆகவே மேட்டுத் தொங்கலில் தொடங்கிப் பள்ளம் நோக்கி வாருங்கள். அப்போது ஒவ்வொரு மரமும் ஏற்கெனவே படுத்திருக்கும் மரத்தின்மேல் விழும், நிற்கிற மரத்தில் சிக்காது. நான் தலைகீழாகத் தொடங்கி அரைநாள் வீணாக்கினேன்.

அடுத்தது வெட்டு. பழகுவதற்கு மணிக்கட்டுத் தடிப்புள்ள தண்டாகத் தேர்ந்தெடுங்கள். சாயப்போகும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில், தரையிலிருந்து தண்டின் தடிப்பைப் போல மூன்று நாலு மடங்கு உயரத்தில் தொடங்கி, கீழ்நோக்கிச் சரிவாக வெட்டிக்கொண்டு போங்கள். பாதி போனதும் மனம் தடுக்கும். நிறுத்தாதீர்கள். முக்கால் போனபிறகும் நிறுத்தாதீர்கள். பட்டையும் அதை ஒட்டிய மெல்லிய மரப்படையும் மட்டும் ஒரு நாக்குப் போல மிஞ்சவேண்டும். அந்த நாக்கு நிலத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. மற்றக் கையால் தண்டைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துவிடுங்கள், தானாக மடிந்து படுக்கும். இப்படிப் படுத்த தண்டைத்தான் பிளீச்சர் என்கிறார்கள்.

எல்லாப் புதியவர்களும் செய்யும் பிழை பயந்து தடிப்பாக விடுவது. தடித்த நாக்கு வளையாது, பிளந்து மேலே கிழிந்துகொண்டு போகும். மெல்லிய நாக்கோ வளைந்து, அந்தப் பட்டை வழியே சாறு ஏறி, கோடையில் படுத்தபடியே இலை விடும். மரத்தைக் கொன்றுவிட்டேன் என்று உங்களுக்குத் தோன்றினால் வெட்டு அநேகமாகச் சரி.

முழுக்கக் கிடையாகப் படுக்க வைக்கவும் வேண்டாம். ஏறக்குறைய முப்பத்தைந்து பாகைச் சரிவில் நிற்கட்டும். அடியில் துருத்தி நிற்கும் குற்றியைச் சரிவாக, சுத்தமாகச் சீவிவிடுங்கள். மழைநீர் வழிந்துவிடும், தளிரும் நிலத்தோடு ஒட்டிப் புறப்படும். நமக்கு வேண்டிய புது வேலி உண்மையில் அந்தக் குற்றியிலிருந்துதான் வரப்போகிறது. படுத்திருப்பவை அதுவரைக்கும் காவல்.

கட்டையும் பின்னலும்

இடையிடையே கட்டை அடிக்கவேண்டும், ஹேசல் அல்லது செஸ்ட்நட் மரத்தில். எவ்வளவு இடைவெளி என்று கேட்டபோது பக்கத்துப் பண்ணைக்காரர் முழங்கையை ஒரு கட்டையில் வைத்து விரல்நுனியைக் காட்டி "இவ்வளவு" என்றார். நம்முடைய முழமேதான்! பதினெட்டு அங்குலம். பூக்காரியிடம் பூ வாங்கிய அளவை ஆங்கிலேய வயலில் திரும்பக் கண்டது எனக்குச் சின்னச் சந்தோஷம்.

கட்டைகளின் தலையில் நீண்ட ஹேசல் கம்புகளைக் கயிறு முறுக்குவது போல மாறி மாறிப் பின்னி இறுக்கினால் காற்றுக்கு அசையாது. கடைசியில் கட்டைகளை ஒரே மட்டத்துக்குச் சீவுங்கள். நாலரை அடி போதும். இந்த மத்திய இங்கிலாந்துப் பாணிக்கு மிட்லண்ட் புல்லக் என்று பேர், காளை முட்டினாலும் தாங்க வேண்டும் என்பதால்.

ஓட்டைகளை நிரப்புதல்

சாய்த்த பிறகும் சில இடம் வெறுமையாக இருக்கும். பக்கத்தில் வளையக்கூடிய இளந்தண்டு இருந்தால் பதியம் போடுங்கள்: தாழ்த்தி, கீழ்ப்பட்டையைக் கொஞ்சம் சீவி, மண்ணுக்குள் அமர்த்தி, கவைத்தடியால் குத்தி மூடுங்கள். காசு செலவில்லை.

பெரிய ஓட்டைக்குக் கன்று வாங்கவேண்டும். மண் இல்லாமல் வெறும் வேரோடு விற்கும் 40 முதல் 60 சென்ரிமீற்றர் கன்றுகளே மலிவு, பிடிப்பதும் அவைதான். நவம்பரிலிருந்து மார்ச் வரை நடலாம். மீற்றருக்கு ஐந்து கன்று, 40 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு வரிசையாக, ஒன்றுவிட்டொன்று மாறி நிற்கும்படி. இரண்டு மீற்றர் ஓட்டைக்குப் பத்து. பெரிய மர நிழலென்றால் ஹோலியும் ஹேசலும் தாங்கும்.

பங்குனிக் காற்றின் கெட்ட குணம் இங்கேதான் தெரியும். குளிர்கிறது, ஈரமாக இருக்கிறது என்று கன்றுகளைப் புல்லின்மேல் பரப்பி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் மெல்லிய வேர்கள் காய்ந்துவிடும். ஈரச்சாக்குக்குள் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து நடுங்கள். மண்வெட்டியால் ஒரு பிளவு போட்டு, வேரை உள்ளே விட்டு, குதிக்காலால் மிதித்து மூடினால் முடிந்தது. நிலம் உறைந்திருந்தாலோ தண்ணீர் தேங்கியிருந்தாலோ, கன்றுகளைக் கட்டோடு ஒரு மூலையில் மண்ணால் மூடி வைத்துவிட்டுக் காத்திருங்கள். முயலுக்குக் காப்புச் சுருள் ஒன்று சுற்றுங்கள். அடியில் மரத்தூள் பரப்பினால் களை அடங்கும், தண்டை ஒட்டாமல் போடுங்கள்.

உள்ளே தோட்டம்

வேலி தாழ்ந்ததும் தோட்டத்துக்கு வெளிச்சம் வரும், உடனே எல்லாவற்றையும் விதைக்கக் கை துடிக்கும். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பாருங்கள். உருண்டையாகி மினுங்கினால் இன்னும் நாள் இருக்கிறது. உதிர்ந்தால் அகல அவரையும் வெங்காயக் குமிழும் போகலாம். உருளைக்கிழங்குக்கு மண் 7 பாகையாவது சூடாகட்டும். மிளகாய் நாற்று சாளரப் படியிலேயே ஜூன் வரை இருக்கட்டும், அதை வெளியே வைத்து நான் இரண்டு முறை அழுதிருக்கிறேன். காற்றைப் பொறுத்தவரை இந்த வேலி மதிலை விட மேல். மதிலில் மோதிய காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும், வேலியோ வடிகட்டி மெதுவாக விடும்.

பிறகு

முதல் கோடையில் கன்றுகளுக்குத் தண்ணீர், சுற்றிலும் களையெடுப்பு, அவ்வளவே. மே, ஜூனில் குற்றிகளிலிருந்து சிவந்த தளிர்கள் கூட்டமாகப் புறப்படும். சாய்த்த வேலி பதினைந்து இருபது ஆண்டு தாங்கும், அதன்பிறகு மறுபடி சாய்க்கலாம். இடையில் கத்தரிப்பதை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். ஹாதோர்ன் முந்தைய ஆண்டுக் கொப்பில்தான் பூக்கும், வருடாவருடம் மழித்தால் பூவும் இல்லை, சிவப்புப் பழமும் இல்லை. கத்தரிக்கும் வேலையையும் ஜனவரிக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். ஸ்கண்டிநேவியாவிலிருந்து ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் பறவைகள் கூட்டமாக வந்து அந்தப் பழத்தை நம்பித்தான் குளிர்காலம் கழிக்கின்றன. அவை தின்று முடிக்கட்டும், பிறகு கத்தியை எடுங்கள்.