கையில் காசு இல்லாத மாதத்தில் காருக்கு இன்சூரன்ஸ் போடுவது எப்படி

மார்கழியில் உறைபனி விழ ஆரம்பித்ததும் எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். கோத்தகிரியிலும் சுற்றியுள்ள ஹட்டிகளிலும் (படுகர் ஊர்களிலும்) வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. "அண்ணா, இலைக் காசு இன்னும் வரல, பாலிசி முடிஞ்சு பத்து நாள் ஆச்சு, போன வருஷம் கிளைம் வேற எடுத்துட்டேன், இப்ப பணம் கட்டாம போட முடியுமா?" இலைக் காசு என்றால் தேயிலை விற்று வரும் பணம். வார்த்தை கொஞ்சம் மாறும், கேள்வி ஒன்றுதான்.

முதலில் கசப்பான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டாமல் பாலிசி கிடையாது. 1938-ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி, பிரீமியம் முன்கூட்டியே கைக்கு வராமல் எந்தக் கம்பெனியும் பொறுப்பு ஏற்கக் கூடாது. முதலில் கொஞ்சம் கொடுங்கள், மீதியை மாதாமாதம் கொடுங்கள் என்று கம்பெனியே சொல்லும் வெளிநாட்டு முறையெல்லாம் இங்கே இல்லை. யாராவது "இப்ப பாலிசி, அப்புறம் பணம்" என்றால் அது கடனாக இருக்கும், இல்லையென்றால் ஏமாற்று. ஆனால் இன்றைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டிய தொகையை நன்றாகக் குறைக்கலாம், அதற்கு வழி இருக்கிறது.

இன்சூரன்ஸை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கானது, சட்டப்படி கட்டாயம். இன்னொன்று ஓ.டி, உங்கள் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கு. நீங்கள் எத்தனை கிளைம் எடுத்தீர்கள், பாலிசி எத்தனை நாள் விட்டுப்போனது, வண்டி எவ்வளவு பழசு என்பதெல்லாம் ஓ.டி விலையைத்தான் ஏற்றும். தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, எல்லாக் கம்பெனியிலும் ஒரே விலை, கிளைம் எடுத்தவர் எடுக்காதவர் என்ற பேதம் கிடையாது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 1000 சிசி வரையுள்ள காருக்கு (ஆல்ட்டோ, வேகன்-ஆர் 1.0 மாதிரி) 2,094 ரூபாய், 1500 சிசி வரை (ஸ்விஃப்ட் மாதிரி) 3,416, அதற்கு மேல் 7,897. இதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆல்ட்டோவுக்குக் கூட்டிப் பார்த்தால் சுமார் 2,471 ரூபாய். பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களுக்குத்தான் கஷ்டம், அது பெரும்பாலும் மூன்றாவது வகையில் வந்துவிடும். கட்டுவதற்கு முன் இன்றைய கட்டணத்தை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இதோடு ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பையும் சேர்ப்பார்கள். அதே அளவுக் காப்பு உங்களுக்கு வேறு பாலிசியில் ஏற்கெனவே இருந்தால் அதைச் சொல்லி இதைத் தவிர்க்கலாம்.

ஆக, சின்னக் கார், கையில் மூவாயிரம்தான் இருக்கிறது என்றால் இன்று தேர்ட் பார்ட்டியை மட்டும் போட்டு வண்டியைச் சட்டத்துக்குள் கொண்டு வாருங்கள். அதற்கு இன்ஸ்பெக்ஷன் கூட வேண்டாம். இலைக் காசு வந்ததும் ஓ.டியைத் தனியாக வாங்குங்கள்; 2019 செப்டம்பர் முதல் அப்படித் தனியாக வாங்க அனுமதி இருக்கிறது, வேறு கம்பெனியிலும் வாங்கலாம், தேர்ட் பார்ட்டி நடப்பில் இருந்தால் போதும். நிறைய பேருக்கு இது தெரியாது, ஃபுல் கவருக்குப் பணம் இல்லையே என்று மொத்தமாக விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்குகிறார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000, சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. அதையும் விடுங்கள், வளைவில் எதிரே வந்த பைக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நஷ்டஈடு முழுக்க உங்கள் தலையில், தோட்டத்தை விற்றாலும் தீராது.

தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்து ஓட்டும் இடைவெளியை ரொம்ப நாள் இழுக்க வேண்டாம். மண்சரிவு, பாறை விழுவது, புயல் வெள்ளம், ஏன் உறைபனி வரை ஓ.டி பாலிசியின் பட்டியலில் இருக்கிறது. காட்டெருமை முட்டினாலும் ஓ.டியில்தான் கேட்க முடியும். தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் இதில் ஒன்றுக்கும் ஒரு பைசா வராது. ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழாத வாரம் உண்டா இங்கே? அதனால் மழைக்காலத்தில் முடியும் பாலிசியை எப்பாடு பட்டாவது விட்டுவிடாதீர்கள். இன்னொரு கணக்கு 90 நாள். கிளைம் எடுக்காத வருடங்களுக்காகச் சேர்த்து வைத்த என்.சி.பி தள்ளுபடி (20-இல் தொடங்கி 50 சதவீதம் வரை போகும்) பழைய பாலிசி முடிந்து 90 நாளுக்குள் ஓ.டி போட்டால் நிற்கும், தாண்டினால் போச்சு.

விட்டுப்போன பாலிசியை எங்கள் தொழிலில் பிரேக்-இன் என்போம். அதற்கு ஓ.டி போட வண்டியைக் காட்ட வேண்டும், இப்போது பெரும்பாலும் போனுக்கு ஒரு லிங்க் வரும், நீங்களே வீடியோ எடுத்து அனுப்பலாம். போன குளிர்காலத்தில் ஒரு ஹட்டியில் 2012 ஆல்ட்டோ ஒன்றுக்கு இப்படி எடுத்தோம். காலை எட்டு மணிக்கு மேகம் தரையில் உட்கார்ந்திருக்கிறது, போன் லென்ஸில் ஈரம், நம்பர் பிளேட் வெள்ளையாகத் தெரிகிறதே தவிர எழுத்து தெரியவில்லை, அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. அப்புறம் வெயில் வரும்வரை காத்திருந்து, வண்டியைக் கழுவி, சேஸிஸ் எண் இருக்கும் இடத்தில் படிந்திருந்த செம்மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நாலு பக்கமும் ஒரு சுற்று, முன் கண்ணாடி உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும், மீட்டரில் கிலோமீட்டர், கடைசியில் பானட்டைத் திறந்து என்ஜின் என்று நிதானமாக எடுத்தோம். அன்று சாயங்காலமே சரி என்று வந்தது. இடது பம்பரில் ஏற்கெனவே இருந்த நசுங்கலைக் குறித்துக்கொண்டார்கள். அதைச் சரிசெய்யும்வரை அந்த இடத்துக்குக் கிளைம் கிடையாது. பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வீடியோ எடுக்க வேண்டும். ஒப்புதல் வந்த பிறகு குறித்த நேரத்துக்குள் கட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள்.

ஓ.டி தொகையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. கிளைமில் உங்கள் பங்காக இவ்வளவு ஏற்கிறேன் என்று கூடுதலாக ஒப்புக்கொண்டால் பிரீமியம் இறங்கும், ஆனால் அந்தத் தொகையை நெருக்கடியில் உங்களால் எடுக்க முடியுமா என்று யோசித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2022 ஜூலையில் அனுமதித்த கிலோமீட்டர் கணக்குப் பாலிசி நம் ஊருக்கு நன்றாகப் பொருந்தும். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் வண்டி எடுப்பவர் வருடம் முழுக்க ஓடுபவர் கட்டும் தொகையைக் கட்ட வேண்டியதில்லை. பழைய வண்டிக்கு ஆட்-ஆன் எனும் மற்ற கூடுதல் காப்புகளை நீக்கிவிடலாம், ரோட்சைடு அசிஸ்டன்ஸ் மட்டும் முடிந்தால் இருக்கட்டும், ஏனென்றால் பாதி மலையில் நின்ற வண்டியை இழுத்து வர ஆகும் செலவு பெரிது. வண்டியின் மதிப்பான ஐ.டி.வியை மட்டும் அளவுக்கு மீறிக் குறைக்காதீர்கள். ஐநூறு மிச்சமாகும், வண்டி பள்ளத்தில் போனால் ஐம்பதாயிரம் போகும்.

தவணை வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கிரெடிட் கார்டு இஎம்ஐ, கார்டு இல்லாத இஎம்ஐ எல்லாவற்றிலும் கம்பெனிக்கு முழுப் பணமும் அன்றே போய்விடுகிறது, நீங்கள் கடன்காரராவது வங்கிக்கு. 12,000 ரூபாய் பிரீமியத்தை வருடம் 16 சதவீத வட்டியில் ஆறு மாதமாகப் பிரித்தால் மாதம் சுமார் 2,095, மொத்த வட்டி 570 போல வரும், அதன் மேல் செயலாக்கக் கட்டணமும் ஜிஎஸ்டியும். இது தாங்கும். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் இன்னும் குறைவான வட்டியில் கிடைத்தால் அது நல்லது. மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி வாங்கி இன்சூரன்ஸ் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அதற்குத் தேர்ட் பார்ட்டியோடு இரண்டு மாதம் ஓட்டலாம். இலைக் காசுப் பட்டுவாடா வந்துவிடும் என்ற நம்பிக்கையில் செக் கொடுக்கவும் வேண்டாம். செக் திரும்பினால் பாலிசி ரத்தாகும், அந்தத் தகவல் உங்களுக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் பத்து தடவை மலை இறங்கியிருப்பீர்கள்.

"1,500 ரூபாய்க்குக் கார் இன்சூரன்ஸ்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதைக் கண்டுபிடிப்பது சுலபம். பெட்ரோல், டீசல் காரில் சின்னதுக்கே அரசு வைத்த விலை 2,094, அதற்குக் கீழே தேர்ட் பார்ட்டி உள்ள உண்மையான பாலிசி எப்படி வரும்? எனக்குத் தெரிந்த கேரட் வியாபாரி ஒருவர் இப்படி வாங்கிய தாளை எட்டு மாதம் டேஷ்போர்டில் வைத்திருந்தார், மேட்டுப்பாளையத்தில் ஒரு ஆட்டோவில் உரசியபோதுதான் அந்த எண்ணில் பாலிசியே இல்லை என்று தெரிந்தது. பாலிசி கைக்கு வந்ததும் அதிலுள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், சில நாள் கழித்து எம்பரிவாஹன் என்ற அரசு ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் தேதி ஏறியிருக்கிறதா பாருங்கள். காப்பு எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பது பாலிசியிலேயே இருக்கும், அதுவரை வண்டி வீட்டில் நிற்கட்டும்.

விலையைக் குறைக்கப் பொய் மட்டும் சொல்லாதீர்கள். கிளைம் எடுத்துவிட்டு எடுக்கவில்லை என்று என்.சி.பி கேட்டால் பழைய கம்பெனியில் விசாரித்துவிடுவார்கள், பிறகு கிளைம் வரும் நேரத்தில் கை விரிப்பார்கள். அதே மாதிரி ஏப்ரல், மே சீசனில் வெள்ளை போர்டு காரில் டூரிஸ்ட் ஏற்றினால், அந்த ஓட்டத்தில் ஏற்படும் சேதத்துக்குத் தனியார் கார் பாலிசி பொறுப்பேற்காது. வாடகைக்கு ஓட்டப் போகிறீர்கள் என்றால் மஞ்சள் போர்டு போட்டு அதற்கான பாலிசி எடுங்கள், விலை கூடத்தான் செய்யும்.

ஒரு கம்பெனி ஓ.டி தர மறுத்தால் அத்தோடு விட வேண்டாம். யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, ஓரியண்டல், நேஷனல் என்று நான்கு அரசுக் கம்பெனிகள் இருக்கின்றன, ஆன்லைனில் "முடியாது" என்று வந்தவர்கள் ஆர்.சி புத்தகமும் பழைய பாலிசியும் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போய்ப் போட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு பாலிசி தராமல் இழுத்தடித்தால் முதலில் கம்பெனிக்கே எழுதிக் கொடுங்கள், பதில் சரியில்லை என்றால் 155255 என்ற ஐஆர்டிஏஐ எண், அதற்கும் மேல் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் எனும் குறைதீர்ப்பு அதிகாரி, கட்டணம் கிடையாது.

தேர்ட் பார்ட்டியை மார்கழியிலும் ஓ.டியை மாசியிலும் போட்டவர்களுக்கு அடுத்த வருடமும் தொகை இரண்டாகப் பிரிந்துதான் வரும். இரண்டு தேதியையும் சமையலறைக் காலண்டரில் தனித்தனியாக வட்டம் போட்டு வையுங்கள், ஏனென்றால் நினைவூட்டும் மெசேஜ் ஒரு கம்பெனியிலிருந்து வரும்போது இன்னொன்று மறந்துபோகிறது.