ரேஸ் எச்சரிக்கை: உண்மையா, பொய்யா?

செய்திகளை அனுப்பிப் பெற உதவும் ஜீரோஎம்கியூ லைப்ரரியைப் பயன்படுத்தும் நிரலை, த்ரெட்டுகளுக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) இடையிலான மோதல்களைக் கண்டுபிடிக்கும் த்ரெட் சானிடைசரில் ஓட்டும்போது டேட்டா ரேஸ் (ஒரு த்ரெட் எழுதும் தரவை இன்னொன்று ஒருங்கிணைப்பின்றி அதே நேரத்தில் தொடுவது) எச்சரிக்கைகள் கொட்டுகின்றனவா? அவசரப்பட்டு அடக்கிவிடாதீர்கள். முதலில் லைப்ரரியையும் அதே சானிடைசர் ஆப்ஷனுடன் கம்பைல் செய்யுங்கள். ஏனெனில் அதற்குள் த்ரெட்டுகள் பூட்டு இல்லாத வரிசை வழியே செய்தியைக் கைமாற்றுகின்றன. அங்குள்ள அட்டாமிக் செயல்கள் (இடையில் யாரும் குறுக்கிட முடியாதவை) சானிடைசரின் கண்ணில் படாவிட்டால், முறையான கைமாற்றமும் மோதலாகவே தெரியும். அந்தப் பகுதி அசெம்பிளியில் (செயலியின் நேரடிக் கட்டளைகளில்) எழுதப்பட்டிருந்தால் மறுபடி கம்பைல் செய்தும் பயனில்லை.

பிறகும் எச்சரிக்கை வந்தால் இரண்டு த்ரெட்டுகளின் ஸ்டாக்கையும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) வரிவரியாகப் படியுங்கள். ஒரே சாக்கெட்டில் (செய்தி போய்வரும் முனை) ஒன்று அனுப்ப, மற்றொன்று பெறுகிறதா? அது உங்கள் நிரலின் உண்மையான பிழை. சாக்கெட்டுகளை உருவாக்கித் தரும் கான்டெக்ஸ்டை த்ரெட்டுகளுக்கிடையே பகிரலாம், வழக்கமான சாக்கெட்டைப் பகிரவே கூடாது. எச்சரிக்கை பொய் என்று உறுதியானால் அது சுட்டும் ஃபங்ஷனை மட்டும் சோதனையிலிருந்து விலக்குங்கள், லைப்ரரி முழுவதையும் அல்ல.