மாதப் பறவைக் கணக்கு: நான்கு ஞாயிறைக் கூட்டாதீர்கள்

கார்த்திகை பிறந்தால் போதும், திருவொற்றியூரிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் இருட்டோடு இருட்டாகப் பறவை பார்க்கிறவர்களின் பைக்குகள் வடக்கே கிளம்பிவிடும். எண்ணூர் கழிமுகம், காட்டூர் ஏரி, பழவேற்காடு என்று பொன்னேரி வட்டாரத்தைச் சுற்றிவிட்டு மாதக் கடைசியில் பறவைப் பட்டியல் போடுவார்கள். முந்தைய செட்டு செய்த அதே தவறுகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்வார்கள். மடையானைப் பார்த்து வக்கா என்று எழுதுவதெல்லாம் நாலு தடவை போனால் தானே சரியாகிவிடும். பட்டியலையே பாழாக்குகிற தவறுகள் வேறு.

நான்கு ஞாயிறையும் கூட்டி எழுதுவது

இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான். எண்ணூரில் பூநாரை முதல் ஞாயிறு 180, அடுத்தது 60, மூன்றாவது 210, கடைசி 75 என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் ‘மாத மொத்தம் 525’ என்று இருக்கும். அத்தனை பூநாரை அந்த மாதம் ஒரு நாளும் அங்கே நின்றதில்லை. அதே கூட்டத்தைத்தான் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறார்கள். எழுத வேண்டியது ஒரே நாளில் கிடைத்த அதிகபட்சம்: 210. பக்கத்தில் அந்தத் தேதி, மாதத்தில் எத்தனை முறை போனோம் என்ற கணக்கு. அவ்வளவுதான்.

கூட்டி எழுதினால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்கு: அடுத்த வருஷம் வேறொருவர் அதே மாதம் இரண்டே முறை போய், 200-ம் 70-ம் பார்த்து 270 என்று எழுதுவார். பூநாரை பாதியாகிவிட்டது என்று ஒரு கூட்டம் ஒப்பாரி வைக்கும். உண்மையில் குறைந்தது பறவையல்ல, பைக் போன தடவை.

சரி, 180 ஏன் ஒரே வாரத்தில் 60 ஆனது? பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். நம் கரையில் கடல்நீருக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் 350 நிமிடம், அதாவது ஆறு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. இந்த ஞாயிறு காலை ஆறரைக்குத் தண்ணீர் ஏறி நின்றதென்றால், அடுத்த ஞாயிறு அதே ஆறரைக்கு வற்றிக் கிடக்கும். தவறாமல் ஒரே நேரத்துக்குப் போகிறோம் என்று பெருமைப்படுகிறவர்கள், அடுத்தடுத்த ஞாயிறுகளில் வேறு வேறு கழிமுகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஏற்றத்தில் சேறு மூழ்கிவிடும். உள்ளான், உப்புக்கொத்தி மாதிரி சேற்றில் மேயும் பறவைகள் மேட்டிலும் உப்பளக் கரையிலும் நெருக்கியடித்து ஒண்டி நிற்கும், எண்ண எளிது. வற்றத்தில் அதே கூட்டம் கண்ணுக்கெட்டிய தூரம் சிதறி மேயும், பாதி தெரியாது. அதனால் கடிகாரத்தை விடுங்கள், ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். ஏற்றம் உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன் போய் நின்றால் ஒவ்வொரு முறையும் அப்படியே போங்கள். முகத்துவாரம் மணலடைத்துக் கிடந்தால் அட்டவணை உதவாது. பாலத்தூணில் ஈரக்கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணும் முறையும் ஒன்றாக இருக்கட்டும். கழிமுகத்தின் குறுக்கே போகும் உயர் அழுத்த மின்கோபுரங்களே எல்லைக்கல். ஒரு கோபுரத்திலிருந்து அடுத்தது வரை ஒரு துண்டு. பத்துப் பறவையைத் தனித்தனியாக எண்ணி, அவை அடைத்திருக்கும் அகலத்தை மனதில் வாங்கி, அந்த அகலத்தால் மீதியை அளந்துகொண்டே போங்கள். இடமிருந்து வலம் ஒரு தடவை, வலமிருந்து இடம் ஒரு தடவை. இரண்டுக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவை. எண்ணி முடித்த துண்டில் பிறகு வந்து இறங்குகிற பறவை கணக்கில் சேராது. எண்ணுபவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர். ஒருவரே இரண்டையும் செய்தால், நோட்டுக்குக் குனிந்து நிமிர்வதற்குள் விட்ட இடம் தெரியாது.

ஒரே நாளில் எண்ணூரில் எண்ணிவிட்டு, காட்டுப்பள்ளிக்குப் போய் அங்கே பார்த்ததையும் சேர்ப்பதும் இதே தவறின் தம்பிதான். கூட்டம் எந்தப் பக்கம் பறந்தது, எத்தனை மணிக்கு என்று குறித்திருந்தால் பிழைக்கலாம். இரண்டு செட்டாகப் பிரிந்து ஒரே நேரத்தில் எண்ணுவது அதைவிட நல்லது.

‘நிறைய’

எண் அல்ல.

ஏரி ஒன்று, மாநிலம் இரண்டு

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் வண்டியை நிறுத்திப் பார்த்த பூநாரை, திருப்பதி மாவட்டக் கணக்கு. 2022-க்கு முந்தைய குறிப்பு என்றால் நெல்லூர் மாவட்டம். திருவள்ளூர் மாவட்டப் பட்டியலில் அதைத் தூக்கிப் போடக்கூடாது. ‘பழவேற்காடு’ என்று மொட்டையாக எழுதாமல், எந்த ஊர்க் கரையில் நின்று பார்த்தோம் என்று எழுதினால் இந்தச் சிக்கலே வராது.

சாம்பல் நிறப் பூநாரை

இளம் பறவை. புது இனமில்லை.

படகில் பக்கத்தில் போவது

படம் கிடைக்கும். கூட்டம் எழுந்துவிடும், அன்றைய எண்ணிக்கை போச்சு.

பூஜ்யத்தை எழுதாமல் விடுவது

போனோம், தேடினோம், இல்லை என்றால் 0 என்று போடுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டால், பறவை இல்லையா, ஆள் போகவில்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது. பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்றும் ஒரு சொல்: கணுக்கால், முழங்கால், இடுப்பு. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி இடுப்பளவு ஆகிவிட்டால் சேற்றைக் கிளறித் தின்னும் உள்ளானுக்கு அங்கே வேலை இல்லை. ஆழம் குறைந்த வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும். டிசம்பரில் ‘0, இடுப்பு’, பிப்ரவரியில் ‘340, கணுக்கால்’ என்று நோட்டில் இருந்தால், படிப்பவர் காரணத்தை உங்களிடம் வந்து கேட்க வேண்டியதில்லை.