விமான வடிவமைப்புக்கு ஒப்புதல் வாங்கும்போது தவிர்க்க வேண்டியவை

டைப் சர்டிபிகேட் என்ற ஒப்புதல் வடிவமைப்புக்கு. ஏர்வொர்தினஸ் சர்டிபிகேட், அதாவது பறக்கத் தகுதிச் சான்று, தனித்தனி விமானத்துக்கு. இதில் குழம்புபவர்கள் சீக்கிரமே தெளிந்துவிடுவார்கள், விடுங்கள். சர்டிபிகேஷன் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். அவற்றில் சில இங்கே.

விண்ணப்பத் தேதியை மறப்பது

அமெரிக்க முறையில், விண்ணப்பித்த நாளில் நடப்பில் இருக்கும் விதிகள்தான் அடிப்படை. பெரிய விமானத்துக்கு அந்த விண்ணப்பம் 5 ஆண்டு செல்லும். இழுத்தடித்தால் புது விதிகளும் தலையில் ஏறும்.

வரைபடம் ஒன்று, சோதித்தது வேறொன்று

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு பயணியர் இருக்கைக்கு 16 ஜி சோதனை, அதாவது புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு விசையில் மோதல் சோதனை. வரைபடத்தில் உள்ள போல்ட் ஸ்டோரில் இல்லை. கொஞ்சம் நீளமான போல்ட்டைப் போட்டு, கூடுதலாக ஒரு வாஷர் வைத்து முடுக்கிவிட்டார்கள். இருக்கை தாங்கியது, எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அப்புறம் ஆய்வாளர் கேட்டார்: "நீங்கள் சோதித்தது எந்த வரைபடத்தை?"

"இது இன்னும் வலுவான போல்ட்தானே சார்" என்றார் ஓர் இளம் பொறியாளர். வலு மட்டுமா விஷயம்? பிடிப்பு மாறினால் விசை இறங்கும் பாதையும் மாறலாம். சோதனை செல்லாமல் போனது. அந்த இருக்கை ஏற்கெனவே நசுங்கிவிட்டது. புது இருக்கை செய்து, ஆய்வகத்தில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் 21.33 விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: பாகங்கள் வரைபடத்தோடு ஒத்துப்போவதைக் காட்டாமல் சோதனைக்கு வைக்கக் கூடாது, காட்டிய பின், அவர்கள் அனுமதி இல்லாமல் எதையும் மாற்றவும் கூடாது. மாற்று போல்ட்டே ஆகாது என்றில்லை. சோதனைக்கு முன்பே எழுதி, ஏன் ஏற்கலாம் என்று டிசைன் பிரிவு கையெழுத்திட்டு, அதிகாரியின் சம்மதம் வாங்கியிருந்தால் சரி. சோதனை முடிந்த பிறகு எழுதுவது வெறும் சாக்கு.

விதிக்கு இணங்குவதை நிரூபிக்கும் முறையைக் கடைசியில் பேசுவது

வேண்டாம். முதலில் அந்த முறைக்கு அதிகாரியின் ஒப்புதல், அப்புறம் சோதனை.

தனி நிபந்தனையோடு நிம்மதியாகிவிடுவது

விதி பேசாத புதுமைக்குத் தனி நிபந்தனை வரும். போயிங் 787-இன் லித்தியம் அயான் பேட்டரிக்கு 2007-இல் வந்தது. ஒரு செல்லில் ஏற்படும் ஷார்ட் அடுத்த செல்லுக்குப் பரவாது என்ற கணிப்பு, 2013 ஜனவரியில் பாஸ்டனில் பேட்டரி தீப்பிடித்தபோது பொய்த்தது. அந்த மாதமே 787-கள் பறப்பது நிறுத்தப்பட்டது. அனுமானங்களைத் தோண்டிப் பாருங்கள்.

சோதனையில் இறக்கை உடைந்தால் எல்லாம் போச்சு என்று நினைப்பது

ஏ380-இன் இறக்கை 2006 பிப்ரவரியில், தரைச் சோதனையில், பறக்கும்போது எதிர்பார்க்கும் அதிகபட்சச் சுமையின் 1.5 மடங்கைத் தொடுவதற்குச் சற்று முன் உடைந்தது. வலுப்படுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சர்டிபிகேட் கிடைத்தது.