ஃபோர்க் ஆயிலின் கெட்டித்தன்மை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைச் சைக்கிளின் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்து, அமுங்கி எழுந்து அதிர்ச்சியை வாங்கும் பகுதி) பள்ளத்தில் இறங்கும்போது 'டங்' என்று முட்டினால், பலரும் கெட்டியான ஆயில் ஊற்றிப் பார்க்கிறார்கள். வேண்டாம். உங்கள் எடையைத் தாங்குவது ஃபோர்க்குக்குள் இருக்கும் காற்றோ ஸ்பிரிங்கோதான். ஃபோர்க் எவ்வளவு வேகமாக அசையலாம் என்பதை மட்டுமே ஆயில் தீர்மானிக்கிறது. ஏறி உட்கார்ந்ததுமே அதிகமாக அமுங்கினால் முதலில் காற்றழுத்தத்தைப் பாருங்கள்.

கெட்டி ஆயிலில் இன்னொரு சிக்கல்: அமுங்குவது மட்டுமல்ல, திரும்பி எழுவதும் மெதுவாகும். வரிசையாக வேர்கள் கிடக்கும் பாதையில் இது நன்றாகத் தெரியும். முதல் வேரில் அமுங்கிய ஃபோர்க் முழுதாக எழுவதற்குள் அடுத்த வேர் வந்துவிடும். நாலைந்து வேர் தாண்டியதும் ஃபோர்க் கீழேயே கிடக்கும். அதிர்ச்சி மொத்தமும் மணிக்கட்டுக்குப் போகும். 'ஃபோர்க் இறுக்கமாக இருக்கிறது' என்று அப்போது காற்றை இறக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அப்புறம், பாட்டிலில் உள்ள '5 வெயிட்', '10 வெயிட்' எண்களை நம்பி பிராண்டு மாற்றாதீர்கள். எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான அளவு அது இல்லை. ஒருவரின் 5, இன்னொருவரின் 7.5-ஐ விடக் கெட்டியாக இருக்கலாம். 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) என்று ஆயிலின் விவரத்தாளில் இருக்கும்; ஒப்பிட அதுதான் சரியான எண். எஞ்சின் ஆயிலின் 10டபிள்யூ-30 போன்ற எண்களோடும் இந்த 'வெயிட்' எண்களை ஒப்பிடாதீர்கள்.

டேம்பருக்குள் (ஃபோர்க்கின் அசைவு வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) இருக்கும் ஆயிலும், ஃபோர்க்கின் கீழ்க்கால்களில் (கீழ்க்குழாய்கள்) உராய்வைக் குறைக்க ஊற்றும் ஆயிலும் பெரும்பாலும் வேறு வேறு. மாற்றி ஊற்றாதீர்கள். அளவும் முக்கியம்: கீழ்க்காலில் அதிகம் ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, ஃபோர்க் கடைசி வரை அமுங்காது.

குளிர்ந்த காலையில் ஃபோர்க் மந்தமாக எழுந்தால் ஆயிலை மாற்ற ஓடாதீர்கள். குளிரில் எந்த ஆயிலும் கெட்டியாகும். ரீபவுண்ட் திருகை (ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தை மாற்றும் திருகு) ஓரிரு கிளிக் தளர்த்தினால் போதும்.

சரி, எப்போதுதான் மாற்றுவது? ரீபவுண்ட் திருகை முழுதாக இறுக்கியும் ஃபோர்க் துள்ளினால் ஒரு படி கெட்டியான ஆயில் போடலாம். எடை குறைந்தவர்களுக்குக் காற்றழுத்தமும் குறைவாகத்தான் வைப்போம், அதனால் எழுப்பித் தள்ளும் விசையும் குறைவு. திருகை முழுதாகத் திறந்தும் ஃபோர்க் மெதுவாகவே எழுந்தால் அவர்களுக்குத் தேவை மெல்லிய ஆயில். சிறுவர்களின் சைக்கிளில் இதை யாரும் கவனிப்பதே இல்லை. பழைய ஆயிலாக இருந்தால், கெட்டித்தன்மையை மாற்றும் முன் அதே வகையில் புதிதாக ஊற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.