ஒரே வினைக்கு மூணு வேகமா? பெராக்சைடு பாட்டிலை வச்சே பாத்துருவோம்

பிளஸ் டூ கெமிஸ்ட்ரில வேதிவினை வேகவியல் ஆரம்பிச்ச உடனே பிள்ளைங்க மாட்டிக்கிடுத இடம் ஒண்ணு இருக்கு, ஒரே வினைக்கு ஹைட்ரஜன் வேகம் ஒண்ணு அம்மோனியா வேகம் ஒண்ணுன்னு ஆளுக்கொரு நம்பர் வரும், எதைப் பெருக்கணும் எதை வகுக்கணும்னு குழம்பி கடைசில குத்துமதிப்பா ஒண்ணை எழுதிட்டு வந்துருதாங்க. கால்குலஸ் அப்புறம் பாத்துக்கிடலாம், சமன் செஞ்ச சமன்பாடு ஒண்ணு கைல இருந்தா போதும்.

ஸ்டெப் 1: முன்னாடி நிக்கிற நம்பரைப் பாருங்க

ரெண்டு புரோட்டா, ஒரு சால்னா பாக்கெட், சேந்தா ஒரு பார்சல். ராத்திரி திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம் ஒரு கடைல நிமிஷத்துக்கு 3 பார்சல் போகுதுன்னா புரோட்டா 6 காலியாகும், சால்னா 3 காலியாகும். கடை ஓடுத வேகம் ஒண்ணுதான், நீங்க எதை எண்ணுதீங்களோ அதுக்குத் தக்கன நம்பர் மாறுது. வேதிவினைலயும் இவ்வளவுதான் விஷயம், சமன்பாட்டுல ஒவ்வொரு பொருளுக்கும் முன்னாடி நிக்கிற நம்பர்தான் இந்த 2, 1 எல்லாம்.

ஸ்டெப் 2: மெடிக்கல் ஷாப்புக்குப் போங்க

புண்ணு கழுவுத ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம் கேட்டு வாங்குங்க. இதைத்தான் 20 வால்யூம்னும் சொல்லுவாங்க, அதாவது 1 மி.லி. கரைசல் முழுசா சிதைஞ்சா 20 மி.லி. ஆக்ஸிஜன் வரும்.

2 பெராக்சைடு → 2 தண்ணி + 1 ஆக்ஸிஜன்

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு லிட்டர்ல 60 கிராம் பெராக்சைடு, மோலார் நிறை 34, அப்ப 1.76 மோல். ரெண்டுக்கு ஒண்ணுங்கறதால ஆக்ஸிஜன் அதுல பாதி, 0.88 மோல். 0 டிகிரில 1 மோல் வாயு பிடிக்கிற இடம் 22.4 லிட்டர், அதால இதைப் பெருக்குனா 19.7, கிட்டத்தட்ட 20! அந்த ரெண்டுக்கு ஒண்ணு பாட்டில் மேலயே எழுதியிருக்கு பாத்தியளா, எனக்கு இது எப்பப் பாத்தாலும் சந்தோஷம்தான்.

ஸ்டெப் 3: வாயுவை அளங்க

சின்ன பாட்டில்ல 5 மி.லி. பெராக்சைடு ஊத்தி ஒரு துண்டு பச்சை உருளைக்கிழங்கு போடுங்க, அதுல இருக்க கேட்டலேஸ் நொதி வினையை முடுக்கி விட்டுரும், உடனே நுரைக்கும். பாட்டில் வாய்ல டியூப் சொருகி, மறுமுனையை தண்ணில கவுத்தி வச்ச அளவு ஜாடிக்குள்ள விடுங்க. டியூப் இல்லாம மூடியைப் போட்டு இறுக்கி மட்டும் வச்சிராதீங்க, வெடிச்சிரும். கைல பட்டா தோல் வெளுத்து எரியும், கழுவிருங்க.

முதல் நிமிஷத்துல 25 மி.லி. வந்துச்சுன்னு வச்சுக்கிடுவோம். நம்ம ஊர் வெயில்ல 1 மோல் வாயு சுமாரா 25 லிட்டர் இடம் பிடிக்கும்லா, அப்ப ஆக்ஸிஜன் நிமிஷத்துக்கு 0.001 மோல். பெராக்சைடு குறையுத வேகம் 0.002, தண்ணி உண்டாகுத வேகமும் 0.002. பெராக்சைடை நீங்க அளக்கவே இல்லை, ஆனா அதோட வேகம் கைக்கு வந்துட்டு.

ஸ்டெப் 4: வகுக்கணுமா பெருக்கணுமா

ஒவ்வொரு பொருளோட வேகத்தையும் அதோட நம்பராலயே வகுத்தா எல்லாம் ஒரே விடை வரணும், இதை மட்டும் பிடிச்சுக்கிடுங்க. 1986ல நம்ம திருநெல்வேலி மாவட்டத்துல இருந்து பிரிஞ்ச தூத்துக்குடில ஸ்பிக் உரக் கம்பெனில அம்மோனியா செய்யுதாங்கல்லா, அந்த வினை:

1 நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் → 2 அம்மோனியா

அம்மோனியா லிட்டருக்கு நொடிக்கு 0.4 மோல் கூடுதுன்னா, 0.4ஐ 2ஆல வகுத்தா 0.2, வினையோட வேகம் அதுதான். ஹைட்ரஜன் வேணுமா, 0.2ஐ 3ஆல பெருக்குங்க, 0.6. நைட்ரஜன் 0.2. குறையுத பொருளுக்கு மைனஸ் போட மறந்துராதீங்க, மார்க் அங்கதான் போகுது.

இன்னொண்ணு, இந்த நம்பரைத் தூக்கி அப்படியே வேக விதில, அதாவது செறிவு மாறுனா வேகம் எப்படி மாறும்னு சொல்லுத சமன்பாட்டுல, செறிவு மேல அடுக்கா போட்டுராதீங்க. டைநைட்ரஜன் பென்டாக்சைடு சிதையுததுல சமன்பாட்டுல 2 நிக்கும், ஆனா வினைவகை, அதாவது வேக விதில வர்ற அடுக்கு, 1தான். அடுக்கு சோதனைல இருந்து வரணும், சமன்பாட்டுல இருந்து எடுக்க முடியாது.