டக்ட் மாட்டும்போது புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

ஏ.சி. டக்ட் (குளிர்காற்று ஓடும் தகட்டுக் குழாய்) வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தகட்டை வெட்டுவதிலும் மடிப்பதிலும்தான் முழுக் கவனத்தையும் செலவழிக்கிறார்கள். கோளாறு வருவதோ பெரும்பாலும் இணைப்புகளில். ஃபால்ஸ் சீலிங் மூடிவிட்டால் அவற்றைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. சென்னையில் ஓர் அலுவலகத் தளத்துக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) டக்ட் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: தளத்தைச் சுற்றிப் பாருங்கள்
பீம், தீயணைப்புக் குழாய், கேபிள் ட்ரே எங்கெங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிட்டு டக்ட் போகும் வழிக்கு நூல் அடியுங்கள். பாதி வேலையில் பீம் குறுக்கிட்டதும் டக்டைத் தட்டி நசுக்கி நுழைப்பவர்கள் உண்டு. அதற்கு அப்பால் உள்ள அறைக்குக் காற்று குறைந்துவிடும்.

படி 2: தொங்கவிடுங்கள்
கூரையில் ஆங்கர், அதிலிருந்து மரைக்கம்பி, அடியில் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு). பக்கத்துக் குழாயிலோ ஃபால்ஸ் சீலிங் கம்பியிலோ கட்டக் கூடாது. ஏ.எச்.யு. (காற்றைக் குளிர்வித்துத் தள்ளும் இயந்திரம்) வாயில் வரும் கேன்வாஸை (துணி இணைப்பை) விறைப்பாக இழுத்துப் பொருத்தாதீர்கள்; விசிறியின் அதிர்வு நேராக டக்டுக்குள் ஏறும்.

படி 3: இணையுங்கள்
அவசரப்படக் கூடாத இடம் இது. ஃபிளேஞ்சில் (டக்ட் துண்டுகளை இணைக்கும் விளிம்பில்) கேஸ்கெட்டை (இடைவெளியை அடைக்கும் பட்டையை) நான்கு துண்டாக வெட்டி ஒட்டிவிட்டு, மூலைகளில் விரல் நுழையும் இடைவெளியை விட்டுவிடுகிறார்கள். கேஸ்கெட் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும்; மூலைக்குத் தனியாக சீலன்டும் (கசிவை அடைக்கும் பூச்சும்) வேண்டும். போல்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். வட்ட டக்டில் சுருக்கிய முனை காற்று போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். ஓர் இணைப்புக்குக் குறைந்தது 3 ஸ்க்ரூ.

துணி டேப்பைச் சுற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இறங்காதீர்கள். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1998-இலேயே சோதித்துப் பார்த்தது. சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி இருந்தபோது மோசமாகத் தோற்றது அந்த டேப்தான்.

இன்சுலேஷனுக்கு முன், இருட்டிய பிறகு, நீளமான வயரில் விளக்கைக் கட்டி டக்டுக்குள் இழுத்துப் பாருங்கள். வெளியே வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும். சாக்பீஸால் குறித்து, சீலன்ட் பூசுங்கள்.

படி 4: இன்சுலேஷன்
உள்ளே ஓடுவது ஏறத்தாழ 13 டிகிரி காற்று. சென்னையின் ஈரமான மாதங்களில் 24 டிகிரிக்குக் குளிர்ந்த தகட்டிலேயே நீர் கோத்துவிடும். ஆகவே விரற்கடை அளவு தகடு வெளியே தெரிந்தாலும் சொட்டும். அதிகம் தவறுவது ஆங்கிள் மேல் டக்ட் உட்காரும் இடத்தில்: அங்கே இன்சுலேஷன் நின்றுவிட, இரும்பும் குளிர்ந்து வியர்க்கிறது. சீலிங்கில் மஞ்சள் கறை விழுந்ததும் பழி மொட்டை மாடிக்குப் போகும்! இடையில் கெட்டியான இன்சுலேஷன் கட்டை வையுங்கள். நைட்ரைல் ரப்பர் இன்சுலேஷன் ஒட்டுவதானால் தகட்டின் தூசியைத் துடைத்து, பசையை இருபுறமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவு காய்ந்தபின் அழுத்துங்கள்.

படி 5: ஃபிளெக்சிபிள் (வளையும்) டக்ட்
மிச்சமிருப்பதை வெட்டாமல் சுருட்டித் திணிப்பது பழகிப்போன தவறு. முழுதாக இழுத்து, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். 4 அடிக்கு ஒரு தாங்கல் வேண்டும். இல்லையென்றால் தூளிபோலத் தொங்கும். அடிக்கு அரை அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது. மெல்லிய கம்பியால் கட்டினால் இடுப்பு ஒடுங்கும். ஒன்றரை அங்குல அகலப் பட்டையே நல்லது.

படி 6: மூடும் முன்
திறந்த வாய்களைப் பாலித்தீனால் கட்டிவையுங்கள்; இல்லையென்றால் சிமென்ட் தூசி உள்ளே போகும். ஒவ்வொரு டாம்பரின் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகட்டின்) கைப்பிடிக்கும் நேர் கீழே சீலிங்கில் திறப்பு வருகிறதா என்று சீலிங் ஆட்களிடம் அன்றே சொல்லி, இடத்தைக் குறித்துக் கொடுங்கள்.